முதல் முறையாக ஸ்டார் கட்டி, குடில் வைக்கிறீர்களா? தீப்பிடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்

தூத்துக்குடியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் நடந்தது இது. கிறிஸ்துமஸ் இரவுப் பூசை முடிந்து, எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும்போது மணி ஒன்றரை. கதவைத் திறந்ததுமே பிளாஸ்டிக் கருகிய வாடை மூக்கில் ஏறியது. ஹாலில் குடிலின் ஒரு பக்கம் விளக்கு அணைந்திருந்தது. வைக்கோலை விலக்கிப் பார்த்தேன். சீரியல் செட்டில் விளக்கை மாற்றி மாற்றி எரிய வைக்கும் சின்னப் பெட்டி இருக்குமே, அது உருகி ஒரு பக்கம் குழிந்து கிடந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அதை நான்தான் வைக்கோலுக்கு அடியில் மறைத்து வைத்திருந்தேன். அதன் கீழே இருந்த தெர்மோகோலில் டம்ளர் அகலத்துக்கு ஓட்டை. சுற்றியிருந்த வைக்கோலின் நுனியெல்லாம் கருப்பு. அடியில் கடற்கரை மணல் பரப்பியிருந்ததாலோ என்னவோ, தீ அதற்கு மேல் போகவில்லை. இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் ஆளே இல்லை.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அலங்காரத்தை ஒரு முறையாகத்தான் செய்கிறேன். கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்கள், முதல் முறையாகத் தனிக்குடித்தனத்தில் ஸ்டார் கட்டுகிறவர்கள் கேட்டால் இதையே சொல்கிறேன். செலவு அதிகமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

ஒரு கணக்கை மட்டும் முதலில் மனதில் வையுங்கள். டிசம்பர் 1-ஆம் தேதி ஸ்டார் ஏற்றி, ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து இறக்குகிறோம் என்றால் 37 நாள். மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை எரியவிட்டால் 444 மணி நேரம். தீபாவளிக்கு ஒரு நாள் எரிகிற விளக்குக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். முதல் நாள் நன்றாக எரிந்த வயர் இருபதாம் நாளும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

பரணிலிருந்து இறக்கியதும்

பழைய சீரியல் செட்டுகளைப் பகல் வெளிச்சத்தில் தரையில் நீளமாக விரியுங்கள். பிளக்கில் சொருகாமல், வயரை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உருவிக்கொண்டே வாருங்கள். எலி கடித்த இடம், மடிந்து வெள்ளை கோடு விழுந்த இடம், செம்புக் கம்பி எட்டிப் பார்க்கிற இடம் எல்லாம் கண்ணை விடக் கைக்குச் சீக்கிரம் தெரியும். இப்படி ஒன்றிரண்டுக்கு மேல் இருந்தால் டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். அந்தச் செட்டைத் தூக்கிப் போடுங்கள்.

பழைய குண்டு பல்பு செட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அதில் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் மின்சாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 40 பல்பு இருந்தால் 230 வோல்ட்டில் ஆளுக்கு 6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். ஒன்று ஃப்யூஸ் போனால் முழுச் சரமும் அணைந்துவிடும். உடனே நம் ஊரில் செய்கிற வேலை, போன பல்பைக் கிள்ளி எறிந்துவிட்டு இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்ப்பது. சரம் திரும்பவும் எரியும், முன்னைவிடப் பளிச்சென்று எரியும். மிச்சமிருக்கிற பல்புகள் அதிக வோல்ட்டை வாங்குவதால் வருகிற பளிச்சு அது. வருஷத்துக்கு மூன்று நான்கு என்று கிள்ளிக் கிள்ளி 30 பல்புக்கு வந்துவிட்ட சரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஏழரை வோல்ட்டுக்கு மேல் போகிறது. தொட்டால் சுடும். அதை வைக்கோல் மேலேயோ பஞ்சு மேலேயோ போடுவதை நினைத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட சரம் வீட்டில் இருந்தால் இந்த வருஷமே எல்.இ.டி.க்கு மாறிவிடுங்கள்.

புதிதாக வாங்கும்போது பார்க்க வேண்டியது வயரின் தடிமனும் பிளக்கும்தான். தலைமுடி கனத்தில் வயர் இருந்து, பிளக் கையில் காற்றாக இருந்தால் வேண்டாம். வயருக்கும் பிளக்குக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டு, கேட்டு வாங்கலாம். வாசலிலோ மாடியிலோ கட்டப் போகிறீர்கள் என்றால் மழையில் நனைந்தாலும் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிற செட்டாகப் பாருங்கள். வீட்டுக்குள் போடும் செட் வெளிமழைக்குத் தாங்காது. வாங்கி வந்ததும் சிமென்ட் தரையில் போட்டு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். அப்புறம் மாட்டுங்கள்.

பிளக் பாயின்ட்

சீரியல் செட்டின் பிளக் உடைந்துவிட்டால் வயரின் இரண்டு முனையையும் சீவி, பிளக் பாயின்ட்டின் ஓட்டையில் நுழைத்து, தீக்குச்சியால் இறுக்கி வைக்கிற பழக்கம் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கிறது. கோயில் திருவிழா பந்தலில் பார்த்துப் பழகியது. மின்சாரம் போகிற ஓட்டைக்குள் தீக்குச்சியையே சொருகுகிறோம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையான ஆபத்து, அந்தக் கம்பி உள்ளே இறுகப் பிடிக்காமல் ஆடிக்கொண்டிருப்பதில் இருக்கிறது. ஆடுகிற இணைப்பில் பொறி வரும், சூடு வரும். மின்சாரம் அளவுக்கு மேல் போனால் தானாக விழுகிற மெயின் பெட்டி சுவிட்சான எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளாது, ஏனென்றால் மின்சாரம் அளவுக்கு மேல் போகவில்லை. வழக்கமான அளவு மின்சாரமே அந்த ஓர் இடத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். ஒரு டூ பின் பிளக் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. மாட்டத் தெரியாவிட்டால் எலக்ட்ரிக் கடையிலேயே மாட்டித் தரச் சொல்லுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பற்றி. வீட்டில் இருக்கிற சாதாரணப் பெட்டி 6 ஆம்பியர். 230 வோல்ட்டோடு பெருக்கினால் 1,380 வாட். எல்.இ.டி. செட் பத்து மாட்டினாலும் இதில் கால்வாசிகூட வராது, அதனால் விளக்குகளைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. அதே பெட்டியில் 25-ஆம் தேதி காலை புதுத்துணிக்கு அயர்ன் பாக்ஸை மாட்டுவார்கள். விருந்தாளி வந்ததும் கெட்டிலை மாட்டுவார்கள். இரண்டும் சேர்ந்தால் 2,000 வாட்டைத் தாண்டிவிடும். அலங்காரத்துக்கென்று ஒரு பெட்டியை ஒதுக்கி, அதன் மேல் 'லைட் மட்டும்' என்று ஒரு துண்டுத்தாளை ஒட்டிவிடுங்கள். ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு இழுக்காதீர்கள். நீளமான வயரைச் சுருட்டிக் கட்டி வைத்தபடி பயன்படுத்தாதீர்கள், சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை. பெட்டி தரைவிரிப்புக்கு அடியிலோ சோபாவுக்குப் பின்னாலோ இருக்கக் கூடாது.

சரி, எல்லாம் மாட்டியாயிற்று. அரை மணி நேரம் எரியவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் அந்த பிளக்கோ பாயின்ட்டோ சரியில்லை. நான் செய்கிற சோதனைகளில் இதைத்தான் அதிகம் நம்புகிறேன். வாரம் ஒரு முறை திரும்பச் செய்யுங்கள்.

ஸ்டார்

காகித ஸ்டாருக்குள் 60 வாட், 100 வாட் குண்டு பல்பு போட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த பல்பு தின்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி வெளிச்சமாக வருவதில்லை, சூடாகத்தான் வருகிறது. காகிதம் 230 டிகிரி வாக்கில் தானாகவே பற்றிக்கொள்ளும். 100 வாட் பல்பின் கண்ணாடி அந்தச் சூட்டை நெருங்கிப் போகக் கூடியது. காற்றில் ஸ்டார் ஆடி, பல்பு ஒரு பக்கத் தாளில் சாய்ந்து நின்றுவிட்டால் முதலில் பழுப்பாக ஒரு வட்டம் விழும். பழைய ஸ்டார் இருந்தால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அந்த வட்டம் இருந்தாலும் இருக்கும். இருந்தால் அதை மாட்ட வேண்டாம்.

5 அல்லது 7 வாட் எல்.இ.டி. பல்பு ஒரு ஸ்டாருக்குத் தாராளம். பல்பு நட்டநடுவில் தொங்குகிறதா, எந்தப் பக்கமும் தாளைத் தொடவில்லையா என்று பாருங்கள். ஸ்டாரின் கனத்தை வயர் சுமக்கக் கூடாது. தனியாக ஒரு நைலான் கயிறு போட்டு அதில் ஸ்டாரைக் கட்டுங்கள், வயர் தளர்வாக வரட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு காற்றுக்கும் ஹோல்டருக்குள் இருக்கிற திருகாணியிலிருந்து கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே வரும்.

டிசம்பர் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். பனி விழுகிற நாட்டில் சொல்கிற யோசனைகள் இங்கே பாதிதான் உதவும். போர்டிகோவோ சன்ஷேடோ இருந்தால் அதன் அடியில் கட்டுங்கள். மொட்டைமாடியில் கம்பு நட்டு உயரத்தில் கட்டத்தான் ஆசை என்றால், ஸ்டாரிலிருந்து வீட்டுக்குள் இருக்கிற பாயின்ட் வரை ஒரே வயராக, நடுவில் ஒட்டுப் போடாமல் கொண்டுவாருங்கள். ஒட்டுப் போட்டே ஆக வேண்டுமென்றால் அது மழை படாத இடத்தில், வீட்டுக்குள் இருக்கட்டும். இன்சுலேஷன் டேப் நான்கு நாள் வெயிலிலும் மழையிலும் பிசுபிசுத்துப் பிரிந்துவிடும்.

கிரில் கேட்டில் வயரைச் சுற்றுகிறவர்கள் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கேட்டைத் திறந்து மூடத் திறந்து மூட, இரும்பு விளிம்பில் வயர் உராய்ந்துகொண்டே இருக்கும். மேல்தோல் அறுந்தால் முழு கேட்டிலும் ஷாக் அடிக்கும். கேரல் பாட வருகிற பிள்ளைகள் முதலில் கை வைப்பது அந்த கேட்டில்தான். ஜன்னல் வழியாக வயரைக் கொண்டுவந்தால் கதவு அதை நசுக்காதபடி ஓர் இடைவெளி விடுங்கள். வயருக்கு மேல் ஆணி அடிக்காதீர்கள், ஸ்டேப்ளர் போடாதீர்கள். நூலால் கட்டினால் போதும்.

மெயின் பெட்டியில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருந்தால் அதன் 'டெஸ்ட்' பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற அந்தச் சின்னப் பெட்டிதான் கேட்டில் ஷாக் அடிக்கும்போது உயிரைக் காக்கும். விழவில்லை என்றால் ஸ்டார் கட்டுவதற்கு முன் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

குடில்

எல்லாரும் ஆசையாகச் செய்வது இது. தீக்குப் பிடித்த சாமான் எல்லாம் ஒன்றுசேர்கிற இடமும் இதுதான். வைக்கோல், தேங்காய் நார், மலைக்குக் கசக்கிய பழுப்புத்தாள், பனிக்குப் பஞ்சு, அடியில் தெர்மோகோல், மேலே ஓலைக்கூரை, எல்லாவற்றுக்கும் நடுவில் விளக்கு. பஞ்சில் பட்ட பொறி கண் இமைக்கிற நேரத்தில் மறுபக்கம் போய்விடும். தெர்மோகோல் உருகி, எரியும் சொட்டாகக் கீழே விழும், கரும்புகை கக்கும்.

அதனால் நான் சாமான்களையே மாற்றிவிட்டேன். தரைக்கு மணல். மலைக்கு நிஜக் கற்கள், உடைந்த ஓட்டுத் துண்டுகள், களிமண். பனிக்குக் கல்லுமாவுக் கோலப்பொடி. பஞ்சைவிட அழகாகவே உட்காரும், எரியாது. அரிசிமாவு வேண்டாம், அது எரியும். புல்லுக்கு, டிசம்பர் 12, 13 வாக்கில் பழைய எவர்சில்வர் தட்டில் மண் நிரப்பி, ஊறவைத்த கேழ்வரகையோ கோதுமையையோ நெருக்கமாகத் தூவிவிடுங்கள். தினமும் கையால் தண்ணீர் தெளித்து வந்தால் 24-ஆம் தேதிக்கு விரல் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நிற்கும். என் மகள் காலையில் பல்லைத் தேய்க்கும் முன்னால் அந்தத் தட்டைத்தான் போய்ப் பார்ப்பாள். ஆட்டிடையர்களை அந்தப் பச்சையில் நிறுத்தும்போது வருகிற அழகு எந்தக் காகிதத்திலும் வராது. ஈரத்தட்டின் மேல் மட்டும் சீரியல் வயரைப் போட்டுவிடாதீர்கள்.

வைக்கோல் இல்லாமல் குடிலா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயம்தான். தீவனத்தொட்டியில் குழந்தை இயேசுவுக்கு அடியில் ஒரு பிடி வையுங்கள், அதற்குப் பக்கத்தில் விளக்கோ வயரோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூரைக்கு ஓலை போட்டால் விளக்கைக் கூரையில் கட்டாமல் எதிர்ப்பக்கமிருந்து காட்டுங்கள்.

விளக்கை மாற்றி மாற்றி எரிய வைக்கும் கன்ட்ரோலர் பெட்டியையும் அடாப்டரையும் எதற்கடியிலும் மறைக்காதீர்கள். குடிலுக்கு வெளியே, மொசைக் தரையிலோ டைல்ஸிலோ, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வையுங்கள்.

மரம்

நம் பக்கம் சவுக்குக் கிளையைத்தான் வெட்டிக்கொண்டு வந்து கிறிஸ்துமஸ் மரமாக நடுவோம். சவுக்கு விறகுக்குப் பேர் போன மரம், பச்சையாகவே எரியக் கூடியது. 20-ஆம் தேதி கொண்டுவந்த கிளை புத்தாண்டுக்குள் காய்ந்து, தொட்டாலே ஊசி ஊசியாக உதிரும். ஈர மணல் நிரப்பிய வாளியில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றுங்கள். உதிர ஆரம்பித்தால் விளக்கைக் கழற்றிவிடுங்கள். புத்தாண்டுக்கு வெறும் ஜிகினாவும் மணியும் போதும்.

மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவது ஐரோப்பாவின் பழைய வழக்கம். அதற்குப் பதிலாக மின்விளக்கை முதலில் கட்டியவர் எடிசனிடம் வேலை பார்த்த எட்வர்ட் ஜான்சன். 1882-இல் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் 80 பல்புகளை எரியவிட்டார். அவ்வளவு காலத்துக்கு முன்பே மெழுகுவர்த்தியை மரத்திலிருந்து இறக்கியாயிற்று. படம் எடுக்க அழகாக இருக்கிறதென்று நாம் திரும்ப ஏற்ற வேண்டாம்.

பிளாஸ்டிக் மரம் காயாது, ஆனால் எரியும். எந்த மரமானாலும் வாசல் கதவை அடைக்கிற மாதிரி வைக்காதீர்கள். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு வெளியே போக அந்த ஒரு வழிதான்.

மெழுகுவர்த்தி

பீடத்துக்கு முன் ஏற்றாமல் இருக்க முடியாது. அகலமான தட்டில் மணல் போட்டு நடுங்கள். சுற்றிலும் ஓர் அடிக்குத் திரைச்சீலை, காகிதப்பூ, பட்டுத்துணி எதுவும் இருக்கக் கூடாது. மேலே ஃபேன் ஓடினால் திரைச்சீலை எவ்வளவு தூரம் பறந்து வருகிறதென்று பார்த்து அந்த ஓர் அடியைக் கணக்கிடுங்கள். குடிலுக்குள் தீ எரிகிற மாதிரி வேண்டுமென்றால் பேட்டரியில் எரிகிற மெழுகுவர்த்தி கிடைக்கிறது. கரண்ட் போனால் எமர்ஜென்சி லைட்டைத் தேடுங்கள், தீப்பெட்டியைத் தேடாதீர்கள்.

பெண் குழந்தைகளுக்குப் போடுகிற வலைத்துணி கவுன் சட்டென்று பற்றி, உருகித் தோலில் ஒட்டும். அதைப் போட்டுக்கொண்டு பீடத்துப் பக்கம், மத்தாப்புப் பக்கம் போகும்போது பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

24-ஆம் தேதி இரவு

நாம் பூசைக்குப் போகும்போது வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்கும், ஆள் இருக்க மாட்டார்கள். தெருவே இருட்டாக இருக்கும்போது நம் வீடு மட்டும் ஜொலிக்கட்டும் என்று நினைப்போம், எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனாலும் அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும். முதலில் மெழுகுவர்த்தி, அப்புறம் குடில், மரம், ஸ்டார், கடைசியில் கேஸ் ரெகுலேட்டர். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் கழற்றிவிடுங்கள். வாசலில் செருப்புப் போடும்போது யார் அணைத்தது என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒருவர் பெயரை அதற்கென்று வைத்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் அது மகனின் வேலை. மற்ற நாட்களில் படுக்கப் போகும்போதும் இதேதான். மறந்து போகிறவர்கள் ஒரு டைமர் பிளக் வாங்கிப் பத்து மணிக்கு வைத்துவிடலாம்.

தீப்பிடித்துவிட்டால்

முதலில் மெயினை அணையுங்கள். மின்சாரம் இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ சின்னதாக, குடிலோடு நிற்கிறது என்றால் ஒரு வாளி மணல் போதும். அதனால்தான் குடிலுக்கு வாங்கிய மணலில் ஒரு வாளியை மிச்சம் பிடித்துப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன். முடிந்தால் 2 கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பு சிலிண்டர் ஒன்று வாங்கி வாசல் பக்கம் மாட்டுங்கள். ஊசியைப் பிடுங்கி, குழாயைத் தீயின் அடியைப் பார்த்து நீட்டி, பிடியை அழுத்திக்கொண்டே இடமும் வலமுமாக வீச வேண்டும். பத்து விநாடி போலத்தான் வரும். அதற்குள் அடங்காவிட்டால் விட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

வரும்போது புகைக்குக் கீழே குனிந்து வாருங்கள், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வாருங்கள். வெளியே வந்ததும் 101 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள். எதை எடுக்கவும் திரும்ப உள்ளே போகாதீர்கள். இரவில் கிரில் கதவை உள்ளே பூட்டுகிற வீடுகளில் சாவி எங்கே என்று குழந்தை உட்பட எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கதவுக்குப் பக்கத்திலேயே, வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டுங்கள்.

உடையில் தீ பிடித்தால் ஓடக் கூடாது. கீழே படுத்து உருள வேண்டும், அல்லது கனமான போர்வையால் சுற்ற வேண்டும். வெந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். இங்க், பேஸ்ட், மாவு, எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். பெரிய காயமென்றால் 108.

இறக்கும்போது

ஜனவரி 6-க்குப் பிறகு ஒரு பகலில் எல்லாவற்றையும் கழற்றுங்கள். சீரியல் செட்டைப் பந்து மாதிரி சுருட்டாமல், அட்டைத்துண்டில் சுற்றி வையுங்கள். இந்த வருஷம் மக்கர் செய்ததை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டிக்குள் போடாதீர்கள், அன்றைக்கே குப்பைக்குப் போகட்டும். காய்ந்த சவுக்கையும் தெர்மோகோலையும் வாசலில் போட்டு எரிக்க வேண்டாம். பெட்டியை மூடும் முன் மூடியின் உள்பக்கம் பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள்: எத்தனை செட் நன்றாக இருக்கிறது, என்ன வாங்க வேண்டும், எந்த பாயின்ட் சூடானது. எங்கள் பெட்டியில் போன வருஷம் எழுதியது, 'மாடி ஸ்டாருக்கு 15 மீட்டர் வயர், ஒட்டு இல்லாமல்.'